ஆலயத்தில் மௌனம், அரங்கில் ஒன்ஸ்மோர்

எழுத்தாளர் மன்சோனி மறைந்த முதலாண்டு நினைவாக, 1874 மே 22-இல் மிலான் நகர்ப் புனித மாற்கு ஆலயத்தில், இசைமேதை வெர்டி தாம் இயற்றிய இறந்தோர் திருப்பலி இசையைத் தாமே நடத்தினார். ஆலயமாதலால் கைதட்டலுக்கு இடமில்லை.

மூன்றே நாளில் அவ்விசை லா ஸ்காலா ஓபரா அரங்கில் ஒலித்தது. அங்கோ மக்கள் ஆர்ப்பரித்துச் சில பகுதிகளுக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்டுப் பெற்றனர். அரங்கின் வழக்கம் அது. குறைகூற நாம் முன்வரவில்லை.

இறந்தோர்க்கு இளைப்பாற்றி வேண்டிச் செம்மறியானவரை மும்முறை அழைப்பது அத்திருப்பலியின் பழைய முறை. ஆலயத்தில் மீண்டும் மீண்டும் அழைக்கப்படுபவர் இறைவன், அரங்கில் பாடகர். 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் நாடகப் பாங்கான இசையை வழிபாட்டினின்று விலக்கப் பணித்ததற்கு இவ்வேறுபாடே வேர் எனலாம். எனினும், அன்று லா ஸ்காலாவில் கைதட்டியோருள் மன்சோனியின் ஆன்மாவுக்காக மன்றாடியோரும் இருந்திருப்பர் என்றே நம்புகிறோம்.