பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்: பேறுகாலத்தை எண்ணிய ஒரு தோட்ட வழக்கு

செவிலியர் படிப்பில் மகப்பேறு பாடம் தொடங்கியதும் மாணவியர் ஒரு கணக்கைப் பழகுகின்றனர். கடைசி மாதவிடாயின் முதல் நாளை எடுத்துக்கொள். அதனுடன் 7 நாட்களைக் கூட்டு. 3 மாதங்களைப் பின்னோக்கிச் செல். கிடைப்பது எதிர்பார்க்கப்படும் பேற்று நாள். ஜெர்மானிய மகப்பேற்று மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலேயின் (1778–1851) பெயரால் வழங்கும் விதி இது. தேர்வில் தவறாமல் வரும் இக்கணக்கு, மலைத்தோட்டத்துப் பெண் ஒருவரின் கூலியோடு எப்படித் தொடர்புடையது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அத்தொடர்பை ஒரு வழக்கின் வழியாக விளக்குவதே இப்பதிவின் நோக்கம். செவிலியர் கல்லூரி மாணவியரும் தொழிலாளர் வரலாறு பயில்வோரும் ஒருசேரப் படிக்க வேண்டிய வழக்கு அது.

முதலில் உடலின் கணக்கைப் பார்ப்போம். மாதவிடாய்ச் சுழற்சியின் சராசரி நீளம் 28 நாட்கள். மூளையடிச் சுரப்பியின் தூண்டலால் சூலகத்தில் ஒரு நுண்பை முதிர்கிறது; அது வெடித்துக் கருமுட்டை வெளிப்படுகிறது; எஞ்சிய நுண்பை கார்பஸ் லூட்டியமாக மாறிப் புரோஜெஸ்டிரானைச் சுரந்து கருப்பையின் உட்படலத்தைப் பேணுகிறது. கருத்தரிக்காவிடில் அது சிதைந்து, உட்படலமும் உதிர்கிறது. சுழற்சியின் முற்பகுதி பெண்ணுக்குப் பெண் மாறுபடும். கருமுட்டை வெளிப்பட்டதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையுள்ள பிற்பகுதி பெரும்பாலும் 14 நாட்களை ஒட்டியே அமையும். ஜப்பானில் கியூசாகு ஓகினோவும் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாஸும் 1920களில் தனித்தனியே நிறுவிய உண்மை இது. பாலூட்டிகளின் கருமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் கண்டறிந்ததே 1827இல்தான். எனவே நேகலேயின் விதி, கருமுட்டை எந்நாளில் வெளிப்படுகிறது என்பது தெரியாத காலத்தது. பெண்ணின் நினைவில் நிற்கும் நாள் மாதவிடாய் தொடங்கிய நாள். அதை வைத்தே அக்கணக்கு எழுந்தது. இன்றும் கர்ப்பத்தின் வாரங்களை அந்நாளிலிருந்தே எண்ணுகிறோம்: 280 நாட்கள், 40 வாரங்கள். நம் வழக்கில் உள்ள ‘பத்து மாதம்’ என்பதும் 28 நாட்கள் கொண்ட பத்துச் சுழற்சிகளாகப் பார்த்தால் அதே 280தான்.

இனி வழக்குக்கு வருவோம். கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்த மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் ஒரு பெண் தொழிலாளி வேலை செய்தார். முறைப்படி அறிவிப்புக் கொடுத்து விடுப்பில் சென்ற அவருக்கு 1967 டிசம்பர் 16 அன்று குழந்தை பிறந்தது. அன்று நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அதிகபட்சம் 12 வாரங்களுக்குப் பேறுகால உதவித்தொகையை உறுதி செய்தது: பேற்று நாள் உட்பட அதற்கு முந்திய 6 வாரங்கள் வரை, பேற்று நாளை அடுத்து வரும் 6 வாரங்கள். சராசரி நாட்கூலியின் வீதத்தில் அத்தொகை வழங்கப்பட வேண்டும்.

தோட்ட நிர்வாகம் 72 நாட்களுக்குப் பணம் கொடுத்தது. 12 வாரங்களில் 12 ஞாயிற்றுக்கிழமைகள் வருகின்றன. தோட்டத்தில் ஞாயிறு கூலியில்லா விடுமுறை. ஆகவே வாரத்துக்கு 6 நாட்களே கணக்கில் சேரும் என்பது நிர்வாகத்தின் வாதம். அப்பெண் 84 நாட்களுக்குரிய தொகையைக் கேட்டார். வாரம் என்றால் 7 நாட்கள் என்பதே அவருடைய வாதம். வேறுபாடு 12 நாட்கூலி. ஒரு தோட்ட நிறுவனத்தின் ஏட்டில் அது மிகச் சிறிய தொகை. பிள்ளைபெற்று லயத்தில் படுத்திருக்கும் நாட்கூலிப் பெண்ணுக்கோ அது ஏழில் ஒரு பங்கு.

நிர்வாகத்தின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கர்ப்பமுறாமல் அப்பெண் அந்த 12 வாரங்களும் வேலை செய்திருந்தால் 72 நாட்கூலிதான் பெற்றிருப்பார். இழக்காத கூலியை எதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு தருக்கம் உண்டு. தொழிலாளர் நீதிமன்றம் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அதை மாற்றி நிர்வாகத்தின் பக்கம் நின்றார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு மீண்டும் பெண்ணின் பக்கம் திரும்பியது. நிர்வாகம் உச்ச நீதிமன்றம் சென்றது. பி. ஷா எதிர் கோவைத் தொழிலாளர் நீதிமன்றத் தலைமை அலுவலர் என்று சட்ட மாணவர்கள் அறிந்த அவ்வழக்கில் 1977இல் இறுதித் தீர்ப்பு வந்தது. வாரம் என்பது ஞாயிறு உட்பட 7 நாட்கள். கூலியில்லா ஓய்வு நாட்களுக்கும் சேர்த்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு பேறுகாலத்தின் கூலிக் கணக்கு தீர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின.

தீர்ப்பின் அடிப்படை கவனிக்கத்தக்கது. அகராதிப் பொருளோடு நீதிமன்றம் நின்றுவிடவில்லை. பேறுகால நிவாரணத்துக்கு அரசு வகைசெய்ய வேண்டும் என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவை அது நினைவூட்டியது. பெண் தொழிலாளி உயிர்வாழ்வதற்கு மட்டுமன்றி, இழந்த ஆற்றலை மீட்கவும், குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கவும், தன் உழைப்புத் திறனைக் காத்துக்கொள்ளவும் உதவுவதே சட்டத்தின் நோக்கம் என்று அது விளக்கியது. அதாவது, இழந்த கூலி எவ்வளவு என்ற கேள்வியின் இடத்தில், இந்த உடல் மீள எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி வைக்கப்பட்டது. முதற்கேள்விக்கான விடை தோட்டத்துச் செக்ரோலில் இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கான விடை செவிலியர் பாடநூலில் இருக்கிறது.

அந்த விடையை நாட்காட்டியில் வைத்துப் பார்க்கலாம். 1967 டிசம்பர் 16 ஒரு சனிக்கிழமை. எதிர்பார்க்கப்பட்ட நாளும் அதுவே என்று பயிற்சிக்காகக் கொண்டால், நேகலே விதிப்படி கடைசி மாதவிடாயின் முதல் நாள் 1967 மார்ச் 9 ஆகும். (இரண்டுக்கும் இடையில் 282 நாட்கள், மாதங்களின் நீளம் சமமில்லாததால் 280இலிருந்து இச்சிறு வேறுபாடு.) சட்டம் அனுமதித்த முந்திய 6 வாரங்கள் நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை தொடங்குகின்றன. கர்ப்பத்தின் 34 வாரங்கள் அப்போது முடிந்திருக்கும். தாயின் குருதியளவு வழக்கத்தைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு மிகுந்து உச்சத்தை ஒட்டியிருக்கும். இதயம் அதற்கேற்ப உழைக்கும். கருவிலுள்ள குழந்தை வாரத்துக்கு ஏறத்தாழ 200 கிராம் எடை கூடும். அந்த வளர்ச்சி ஞாயிற்றுக்கிழமையில் நின்று திங்கட்கிழமை தொடங்குவதில்லை.

பேற்றுக்குப் பிந்திய கணக்கு இன்னும் கூர்மையானது. சனிக்கிழமை குழந்தை பிறந்தது என்றால், சட்டத்தின் ‘அடுத்து வரும் 6 வாரங்களில்’ முதல் நாள் டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மகப்பேற்றுச் செவிலியத்தில் மிகுந்த விழிப்போடு காக்க வேண்டிய நேரம் பேற்றை அடுத்த முதல் 24 மணி நேரம் என்பதை மாணவியர் அறிவர். நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தின் குருதிக்குழாய்களைக் கருப்பைத் தசை இறுக்கிப் பிடிக்காவிடில் குருதிப்பெருக்கு ஏற்படும். தாயிறப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று அது. தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் கழிக்கப்பட்ட 12 நாட்களுள் அந்த ஞாயிறும் ஒன்று.

அதன்பின் கருப்பை மீளும் காலம். பேறு முடிந்தவுடன் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள கருப்பை ஒரு வாரத்தில் அதில் பாதியாகிறது. 6 வாரங்களில் 100 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. தொப்புளை ஒட்டியிருந்த அதன் மேல்முகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு விரற்கடை அளவு கீழிறங்கி, இரண்டாம் வாரத்தில் வயிற்றின்மேல் கைவைத்தால் தட்டுப்படாத நிலையை அடைகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு விரற்கடை உண்டு. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரான் சரிய, இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் பால் பெருகத் தொடங்குகிறது; அதற்கும் வார விடுமுறை கிடையாது. பேற்றுப்பின் காலம் 6 வாரங்கள் என்று மருத்துவம் வகுத்ததும், அந்த 6 வாரங்களில் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு தடைசெய்ததும் தற்செயலாக ஒத்துப்போன எண்கள் அல்ல. 1919இல் வாஷிங்டனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய மகப்பேற்று உடன்படிக்கையிலேயே பேற்றுக்கு முன் 6 வாரம், பின் 6 வாரம் என்னும் பகுப்பு உள்ளது. இந்தியாவில் 1929இன் பம்பாய்ச் சட்டமும் 1934இன் சென்னைச் சட்டமும் தொழிற்சாலைப் பெண்களுக்கு முதலில் வழிவகுத்தன. மலைத்தோட்டப் பெண்களை நாடு தழுவிய சட்டம் சேர்த்துக்கொள்ள 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வரவேண்டியிருந்தது.

இவ்வழக்கு பீர்மேட்டுக்கு ஏன் முக்கியம்? திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்தில் காப்பியாகத் தொடங்கிப் பின்னர்த் தேயிலையாக மாறிய பீர்மேட்டுத் தோட்டங்களில், தமிழ் மாவட்டங்களிலிருந்து மலையேறிய குடும்பங்களே தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தன. 1956இன் மாநிலச் சீரமைப்பில் பீர்மேடு கேரளத்தில் அமைந்தது. ஆனைமலைத் தோட்டங்கள் சென்னை மாநிலத்தில் இருந்தன. எல்லைக்கோடு பிரித்த இரு மலைகளின் பெண்களுக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே. கோவையில் ஒரு பெண் வாதாடிப் பெற்ற ஏழாம் நாள், பீர்மேட்டுக் கொழுந்துக்காட்டுப் பெண்ணுக்கும் உரிமையாயிற்று. பின்னர் 1988இன் திருத்தம், உதவித்தொகை பெற முந்திய 12 மாதங்களில் 160 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதை 80 நாட்களாகக் குறைத்தது. 2017இன் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்குரிய காலத்தை 26 வாரங்களாக உயர்த்தியது. உயிருடன் இரண்டு குழந்தைகள் உள்ளவர்களுக்கு அது 12 வாரங்களாகவே நீடித்தது.

ஆயினும் இவையெல்லாம் ஒரு முதலாளி இருக்கிறார் என்னும் அடிப்படையில் எழுந்த உரிமைகள். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன; சில கைவிடப்பட்டன. ஜெயசீலன் ராஜ் 2022இல் வெளியிட்ட ‘பிளாண்டேஷன் கிரைசிஸ்’ என்னும் மானுடவியல் நூல், அந்த நெருக்கடி தலித் குடும்பங்களின் வாழ்வை எவ்வாறு சிதைத்தது என்பதை இப்பகுதியை மையமாகக் கொண்டு ஆராய்கிறது. தோட்டம் கைவிடப்பட்டபின் ஏலக்காட்டிலோ கட்டட வேலையிலோ இன்று ஓரிடம் நாளை ஓரிடம் என்று கூலிக்குப் போகும் பெண், 80 நாட்களை யாருடைய பதிவேட்டில் காட்டுவார்? வாரத்துக்கு 6 நாளா 7 நாளா என்ற வழக்கைத் தொடுக்கவும் ஒரு செக்ரோல் வேண்டும். 1977இல் வென்ற வாதம் தோற்றுப்போகவில்லை. அதை எடுத்துச் செல்லும் வாயில் அடைபட்டுள்ளது. மகப்பேற்று உரிமையை வேலை நாட்களோடு பிணைத்த சட்ட அமைப்பின் எல்லை இது என்பது என் கருத்து. பெண்ணுடலின் 280 நாட்கள் தோட்டம் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றே.

செவிலியர் மாணவியரிடம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பேற்றுக்கு முந்திய காலத்துக்குரிய தொகையைக் கர்ப்பச் சான்றைக் காட்டியதும் முன்பணமாகவும், பிந்திய காலத்துக்குரியதைப் பேற்றுச் சான்றைக் காட்டிய 48 மணி நேரத்துக்குள்ளும் வழங்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு வகுத்தது. கருச்சிதைவு என்பதைக் கர்ப்பமுற்ற கருப்பையின் உள்ளடக்கம் 26ஆம் வாரத்திலோ அதற்கு முன்போ வெளியேறுதல் என்று வரையறுத்து, அதற்கும் 6 வாரங்கள் விடுப்பளித்தது. உடற்கூற்றுப் பாடத்தின் சொற்களே அங்குச் சட்டத்தின் சொற்களாயின. ஆகவே, மலைத்தோட்ட மருத்துவமனையிலோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ நீங்கள் அட்டையில் எழுதும் கடைசி மாதவிடாய் நாள், எதிர்பார்க்கப்படும் பேற்று நாள், குழந்தை பிறந்த நாள் ஆகியவை மருத்துவக் குறிப்புகளாக மட்டும் நிற்பதில்லை. ஒரு பெண்ணின் கூலிக்கும் ஓய்வுக்கும் சான்றாகின்றன. நாள் நினைவில்லை என்று சொல்பவரிடம் பொங்கலுக்கு முன்பா பின்பா, கோயில் திருவிழாவுக்கு முன்பா பின்பா என்று பொறுமையாகக் கேட்டு அந்நாளைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.