நீர் தேடிய கிணற்றில் நெருப்பு

மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டிலே பூராகேபுகு என்றொரு சிற்றூர் உண்டு. 1987ஆம் ஆண்டில் அங்கே குடிநீர் வேண்டி நிலத்தைத் துளைத்தனர். 100 மீற்றருக்கு மேல் துளைத்தும் நீர் கிட்டவில்லை. துளையிலிருந்து காற்றே வீசிற்று. சிகரெட்டுடன் தொழிலாளி ஒருவர் அதனுள் எட்டிப் பார்த்தார். வாயு வெடித்தது, அவர் தீக்காயமுற்றார். அச்சங்கொண்டு கிணற்றை அடைத்துவிட்டனர்.

கால் நூற்றாண்டின் பின், 2012இல், அக்கிணறு திறக்கப்பட்டது. வெளிவந்த வாயுவில் ஏறத்தாழ 98 சதவீதம் ஐதரசன்! எரியும்போது கரியமிலவாயுவைத் தராத அவ்வாயு, மின்பிறப்பாக்கியை இயக்கி ஊருக்கு ஒளி தந்தது.

இரும்புச்சத்து மிக்க பாறையோடு நீர் தாக்கமுறுங்கால் ஐதரசன் பிறக்கும். ஆயின் அது மிக நுண்ணிய வாயு. பாறைப்படலம் மூடியாய் அமையாவிடின் கசிந்தொழியும். ஆதலின் எங்கும் கிட்டுமென எண்ணலாகாது. எனினும், தீங்கென்று அடைத்த துளையே தீபமாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.