யாரைப் பாத்து யார் பயப்படணும்?

1977-ல வந்த ‘கிங்டம் ஆஃப் த ஸ்பைடர்ஸ்’ படத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். பூச்சிக்கொல்லி அடிச்சு அடிச்சு, சிலந்திகளோட வழக்கமான இரையெல்லாம் அழிஞ்சுபோச்சு. பசியில அதுங்க கூட்டமாகச் சேர்ந்து முதல்ல கால்நடைகளையும், அப்புறம் மனுஷங்களையும் தாக்க ஆரம்பிக்குது. கால்நடை மருத்துவரா வர்றவர் ‘ஸ்டார் ட்ரெக்’ புகழ் வில்லியம் ஷாட்னர்.

இந்தக் கதை சும்மா வந்துடல. 1962-ல ரேச்சல் கார்சன் ‘சைலன்ட் ஸ்பிரிங்’ எழுதினார். 1972-ல டிடிடி பூச்சிக்கொல்லியை விவசாயத்துல பயன்படுத்த அமெரிக்கா தடை போட்டது. அந்தக் காலத்து பயம்தான் படத்தோட வேர்.

இன்னைக்குன்னா கம்ப்யூட்டர்லயே செஞ்சிருப்பாங்க. அன்னைக்கு சுமார் 5,000 நிஜ டரான்டுலா சிலந்திகளைக் கொண்டுவந்தாங்க. ஆனா அதுங்க ரொம்பக் கூச்ச சுபாவம். அமெரிக்க டரான்டுலா கடிச்சாலும் பெரும்பாலும் தேனீ கொட்டுன மாதிரிதான் இருக்கும். மனுஷனைக் கண்டா ஒதுங்குற சிலந்திகளை, காத்தடிச்சு நடிகர்கள் பக்கம் தள்ளினாங்க. படப்பிடிப்புல நிறைய செத்தும் போச்சு.

இயற்கையை அழிச்சா என்ன ஆகும்னு எச்சரிக்க வந்த படம், அதே தப்பை செட்லயே செஞ்சிருக்கு. படம் பாருங்க, பயப்படுங்க. ஆனா அந்தச் சிலந்திகள் பக்கம் நின்னும் ஒரு தடவை பாருங்க.