கைமாறிய பத்திரிகைகள்

சென்னைப் பட்டணத்துப் பத்திரிகைகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், தலையங்கங்களையும் ராஜத்துரோக வழக்குகளையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அப்பத்திரிகைகள் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நிர்ப்பந்தத்தால் போயின என்பதை மட்டும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். ஆயினும், ஒரு பத்திரிகையின் ஆயுளை நிர்ணயித்தது பெரும்பாலும் அதன் பேரேடுதான் என்பதை ‘ஹிந்து’, ‘சுதேசமித்திரன்’ ஆகிய இரண்டின் கதையும் ஐயமற விளக்கும். இரண்டையும் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், அவர் கண்மூடியபோது இரண்டுமே அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

1878-இல் முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்றதை ஐரோப்பியர் நடத்திய பத்திரிகைகள் இகழ்ந்து எழுத, அதற்கு மறுமொழி கூறச் சுதேசிகளுக்கென ஒரு பத்திரிகை இல்லையே என்று மனம் புழுங்கிய இரண்டு பள்ளி உபாத்தியாயர்களும் நான்கு சட்ட மாணவர்களும், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் ‘ஹிந்து’வின் எண்பது பிரதிகளை அச்சிட்டு வெளியிட்டார்கள். விலை நாலணா. சட்டம் பயின்றவர்கள் வக்கீல் தொழிலை நாடி விரைவிலேயே விலகிவிட, பாரம் முழுவதும் சுப்பிரமணிய ஐயர் மீதும் அவருடைய தோழர் வீரராகவாச்சாரியார் மீதும் விழுந்தது. ஒருவர் பேனாவைப் பிடித்தார். மற்றவர் கணக்கைப் பிடித்தார். வார இதழ் 1883-இல் வாரம் மும்முறை வெளிவருவதாகி, 1889-இல் தினசரியுமாயிற்று.

சுப்பிரமணிய ஐயர் சொல்லுக்கும் செயலுக்கும் பேதம் அறியாதவர். இளமையிலேயே விதவையான தம் புதல்விக்கு, வைதிக உலகம் முழுவதும் பகைத்தபோதிலும், 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்த அந்தத் துணிவையே அவர் பத்திரிகையிலும் காட்டினார். அதன் பயனாகச் சமூக சீர்திருத்தத்தை விரும்பாத சந்தாதாரர்கள் முகஞ்சுளித்தார்கள், அவதூறு வழக்குகளின் செலவோ கடனாகத் திரண்டது. 1898-இல் இருவரும் பிரிந்தார்கள். பத்திரிகை வீரராகவாச்சாரியாருக்கு ஏகபோக உடைமையாயிற்று. கருணாகர மேனன் ஆசிரியரானார். இந்தப் பிரிவுக்குப் பலர் வீரராகவாச்சாரியாரை நோகிறார்கள். மாதந்தோறும் காகிதக் கடைக்காரனுக்கும் அச்சுக் கோப்பவனுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தவர் அவர் என்பதை நோக்கினால், அந்தப் பழி நியாயமன்று.

அவராலும் கடனிலிருந்து மீள முடியவில்லை. 1905 ஏப்ரல் முதல் தேதி, கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்து சென்னைக்கு வந்தவரும் அப்பத்திரிகைக்கே சட்ட ஆலோசகராக இருந்தவருமான எஸ். கஸ்தூரிரங்க ஐயங்கார் ‘ஹிந்து’வை எழுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். அப்போது விற்பனை எண்ணூறு பிரதிகளே. எண்ணூறு பிரதி விற்கும் கடன்பட்ட பத்திரிகைக்கு இத்தொகையா என்று அக்காலத்து வக்கீல்கள் நகைத்திருந்தால் வியப்பதற்கில்லை. அவர் செய்த முதற்காரியம் வீராவேசமான தலையங்கம் எழுதுவதன்று. பாக்கி செலுத்தாத சந்தாதாரர்களுக்குப் பத்திரிகையை நிறுத்தியதேயாகும். தேசபக்தியைப் பேசிக்கொண்டே சந்தாவை மறந்துவிடும் கனவான்கள் அந்நாளிலும் இருந்தார்கள். விளம்பர வருமானத்தையும் அவர் முறையாகப் பெருக்கினார். வாங்கிய குடும்பத்தின் வசமே அப்பத்திரிகை இன்றளவும் இருந்து வருகிறது.

‘சுதேசமித்திரன்’ கதையோ வேறு. 1882-இல் தாம் தொடங்கிய அத்தமிழ்ப் பத்திரிகையை, ‘ஹிந்து’விலிருந்து விலகிய பின்னர் சுப்பிரமணிய ஐயர் தம் முழு உழைப்பாலும் வளர்த்து, 1899-இல் தினசரியாக்கினார். 1904-இல் எட்டயபுரத்து இளைஞர் சுப்பிரமணிய பாரதியை உதவி ஆசிரியராக அழைத்துக்கொண்டதும் அவரே. 1908-இல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதாகி, தீராத நோயால் உடல் நலிந்து, 1915-இல் பத்திரிகையை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டே காலமானார். ரங்கசாமி ஐயங்கார் கஸ்தூரிரங்க ஐயங்காரின் நெருங்கிய உறவினர். ‘ஹிந்து’வில் அவரிடம் தொழில் பழகியவர். ஆகவே ஐயர் வளர்த்த இரண்டு பத்திரிகைகளும் இறுதியில் ஒரே குடும்ப வட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தன. புதுவையிலிருந்து திரும்பிய பாரதிக்கு 1920-இல் மீண்டும் ‘சுதேசமித்திர’னில் இடம் கிடைத்ததும் ரங்கசாமி ஐயங்கார் காலத்தில்தான். 1928-இல் அவர் ‘ஹிந்து’வுக்கு ஆசிரியராகப் போய்விட, சி. ஆர். சீனிவாசன் ‘மித்திர’னின் பொறுப்பேற்று, மவுண்ட் ரோடில் அதற்குச் செல்வாக்குத் தேடித் தந்தார். 1962-இல் அவர் மறைந்தபின் அப்பத்திரிகை மீண்டும் தலையெடுக்கவே இல்லை.

வெள்ளையர் குரலாக 1868-இல் லாசனும் கார்னிஷும் நிறுவிய ‘மதராஸ் மெயில்’ என்ற மாலைப் பத்திரிகைக்கும் கைமாற்றம் தப்பவில்லை. 1921-இல் ஸ்பென்சர் கம்பெனியின் ராபின்சன் அதை வாங்கினார். 1945-இல், சுதந்திரத்துக்கு இரண்டு வருஷம் முன்பாகவே, சிம்ப்சன் கம்பெனியை நடத்திய அனந்தராமகிருஷ்ணன் வசமாயிற்று. சுதேசி ஒருவர் கைக்கு வந்தும் அது பிழைக்கவில்லை, 1981-இல் நின்றுபோயிற்று.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், இப்பத்திரிகைகளை வாங்கிப் படித்துவந்த பட்டணத்து உத்தியோகஸ்தர்கள் தென்புறத்தில் ஒவ்வோர் ஊராகக் குடியேறினார்கள். குரோம்பேட்டையும் அஸ்தினாபுரமும் சேலையூரும் அவ்வாறு வளர்ந்தவையே. அவர்கள் வாங்கிச் சேர்த்த ‘மித்திரன்’ மலர்களும் ‘மெயில்’ கட்டுகளும் அவ்வூர்களின் பழைய வீடுகளின் பரண்களில் இன்னமும் கிடக்கக்கூடும். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும் அவசரத்தில் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவ்வூர்களிலிருந்து வெகு தூரமில்லை. ஒரு தடவை அங்கே காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.