வெப்பம் மட்டும் போதவில்லை: ஒளி புகும் செராமிக்கின் வரலாறு

அலுமினா ஒற்றைப் படிகமாக வளர்ந்தால் ஒளி புகும் நிறமற்ற நீலக்கல். அதே அலுமினாவைப் பொடியாக்கி, அழுத்திச் சுட்டால் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கட்டி. இரண்டும் ஒரே சேர்மம்தான். கட்டிக்குள் சிக்கிய நுண்துளைகளே ஒளியைச் சிதறடிக்கின்றன.

உருகுநிலைக்குக் கீழே சூடேற்றிப் பொடித் துகள்களை ஒன்றோடொன்று பிணைப்பதே சின்டரிங். அலுமினாவின் உருகுநிலை ஏறத்தாழ 2,050 பாகை செல்சியஸ். வெப்பம் உயர உயர அணுக்கள் விரைந்து நகர்கின்றன, துளைகள் சுருங்குகின்றன. அப்படியானால் வெப்பத்தை இன்னும் கூட்டினால் போதாதா? போதாது. படிகத் துகள்களின் எல்லைகளும் அதே வெப்பத்தில் நகரத் தொடங்கும். துளை சுருங்குவதற்கான வழி அந்த எல்லைதான். எல்லை துளையை விட்டு விலகி ஓடிவிட்டால், துளை படிகத்தின் நடுவே சிறைப்படும். பிறகு எவ்வளவு நேரம் சுட்டாலும் அதை அகற்றுவது அரிது.

1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் இதற்கு வழி கண்டார். அலுமினாவில் கால் விழுக்காடு அளவே மக்னீசியா சேர்த்ததும் துகள்களின் கட்டற்ற வளர்ச்சி அடங்கியது. காற்றுக்கு மாறாக ஹைட்ரஜனில் சுட்டபோது, துளைக்குள் இருந்த வாயுவும் வெளியேற முடிந்தது. அதன்பின்னரே 1,700 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் பயன் தந்தது. 'லூக்கலாக்ஸ்' என்று பெயர் பெற்ற இப்பொருளுக்கான காப்புரிமை 1962இல் வழங்கப்பட்டது.

அதன் முதற்பெரும் பயன் தெருவிளக்கு. உயர் அழுத்தச் சோடியம் ஆவி சிலிக்காக் குழாயை அரித்துவிடும். அலுமினாக் குழாயோ தாங்கி நின்றது. பல்லாண்டுகள் இந்திய நெடுஞ்சாலைகளில் இரவுதோறும் பரவிய பொன்மஞ்சள் ஒளி, இத்தகைய குழாய்களிலிருந்து வந்ததே.

எனினும் லூக்கலாக்ஸ் பால்போல் மங்கலானது. துளைகள் நீங்கிய பின்னும், அலுமினாப் படிகம் திசைக்குத் திசை ஒளியை வெவ்வேறாக விலக்குவதால் எல்லைதோறும் சிதறல் எஞ்சியது. எத்திசையிலும் ஒரே விலகல் உடைய கனசதுரப் படிகங்களுக்கு அத்தடை இல்லை. அத்தகைய நியோடிமியம் கலந்த யாக் செராமிக்கைக் கொண்டு, 1995இல் ஜப்பானின் அகியோ இகெசுவே குழுவினர் ஒற்றைப் படிகத்துக்கு நிகராக இயங்கும் லேசரை உருவாக்கிக் காட்டினர்.

கால் விழுக்காடு மக்னீசியா ஏன் அவ்வளவு செய்கிறது என்பது குறித்து ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டனர். அவ்வாதம் முடியும் முன்பே தெருக்களில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.