கணக்கு என்னும் பட்டம்

திருவிதாங்கூர் அரசர்கள் தம் குடிகளுக்கு வழங்கிய பட்டங்களுள் ‘கணக்கு’ என்பதும் ஒன்று. ‘அடியற’ எனப்பட்ட காணிக்கைக் கட்டணத்தைச் செலுத்தி ‘பிள்ளை’ பட்டம் பெற்ற நாயர் குடும்பங்களில் மேலும் சிறப்பிக்கப்பட்டவர்களுக்கு அது அளிக்கப்பட்டது. அதன்பின் அவர்களுடைய பெயர்கள் அரண்மனை ஏடுகளில் ‘பிள்ளை’ நீங்கி, ‘கணக்கு’ என்ற முன்னொட்டுடன் எழுதப்பட்டன. அதற்கும் மேலான ‘செம்பகராமன்’ பட்டத்தைப் பெற்றவர் யானை மீதேற்றப்பட்டு, திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருந்த நான்கு பெருந்தெருக்களிலும் ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்டார்; ஊர்வலத்தின் முடிவில் முதலமைச்சர் அவரை வரவேற்று, தம் அருகில் அமர்த்தி, வெற்றிலை பாக்கு கொடுத்தார். பட்டம் பெற்றோர் அனைவரும் எழுத்தாணி பிடித்தவர்கள் அல்லர் என்றாலும், குடிப்பெருமையைக் குறிக்க அரசு தேர்ந்த பெயர் போர்த்தொழிலுக்கு உரியதாக இல்லாமல் கணக்குத் தொழிலுக்கு உரியதாக இருந்தது கருதத்தக்கது.

இதன் காரணத்தை மார்த்தாண்டவர்மரின் ஆட்சியில் (1729–1758) தேடலாம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளியாடியைச் சேர்ந்த மல்லன் சங்கரன், 1739-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய நிலவரித் திட்டத்தில், நாட்டின் நிலங்கள் கோயிலுக்குரிய தேவஸ்வம், பிராமணர்க்குரிய பிரம்மஸ்வம், கொடையாக வழங்கப்பட்ட தானம், அரசுக்குரிய பண்டாரவகை என வகுக்கப்பட்டன. வரவு இன்னதென்று தெரிந்த பிறகே செலவை வரையறுக்க இயலும் என்பதால், ‘பதிவுக்கணக்கு’ என்னும் ஆண்டுத் திட்டம் இதனோடு சேர்த்தே எண்ணத்தக்கது. கோயில், அரண்மனை, படை முதலிய ஒவ்வொரு இனத்துக்கும் எவ்வளவு செலவிடலாம் என்று முன்கூட்டியே வரையறுத்த இந்த ஏற்பாட்டையே வரலாற்றாசிரியர்கள் திருவிதாங்கூரின் முதல் வரவுசெலவுத் திட்டமாகக் கொள்கின்றனர். 1750 ஜனவரியில், திருப்படித்தானம் என்ற சடங்கின் மூலம் மார்த்தாண்டவர்மர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துத் தாம் பத்மநாபதாசர் ஆனபோது, அரசின் கணக்கு இறைவனுடைய உடைமையின் கணக்காகவும் ஆகிவிட்டது.

கருவூலம் வறண்டால் என்ன நேரும் என்பதை 1799 காட்டிற்று. அப்போது அதிகாரத்தில் இருந்த ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயண செட்டி, மாத்துத் தரகன் ஆகிய மூவரும் காலியான கருவூலத்தை நிரப்ப வசதியுள்ளோரிடம் கட்டாய நிதி தண்ட முற்பட்டனர். தலக்குளத்து வேலுத்தம்பியின் தலைமையில் மக்கள் திரண்டெழ, அம்மூவரும் பதவி இழந்து கடுந்தண்டனைக்கு ஆளாயினர். வேலுத்தம்பியின் முழுப்பெயரிலும் ‘செம்பகராமன்’ பட்டம் உண்டு.

பத்மநாபசுவாமி கோயிலின் பழைய கணக்குகளும் ஆவணங்களும் ‘மதிலகம் ரேகைகள்’ என அறியப்படுகின்றன. ‘சுருணை’ எனப்படும் பனையோலைக் கட்டுகளாக, பெரும்பாலும் தமிழும் மலையாளமும் கலந்த நடையில், வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்ம ஆகிய வரிவடிவங்களில் எழுதப்பட்ட இவை, கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2022-இல் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. எழுதியவர் பெயரைவிட எழுதப்பட்ட தொகையே முதன்மையான இத்தகைய ஏடுகளின் நடுவே, மல்லன் சங்கரனின் பெயர் தனித்து நிலைத்தது ஒரு விதிவிலக்கு என்றே கூறவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிப்பின் வடிவம் மாறிற்று. கும்பகோணத்தில் பிறந்து 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த த. மாதவராவ், அரசு பட்டிருந்த கடன்களை அடைத்து, மிளகு, புகையிலை ஏகபோகங்களை நீக்கி, நிதிநிலையைச் சீராக்கினார். ‘கணக்கு’, ‘செம்பகராமன்’ போன்ற உள்நாட்டுப் பட்டங்களின் இடத்தில் அவருக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் அரசின் ‘சர்’ பட்டம். பின்னர் தலைமைச் செயலகத்துக்கு எதிரே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. முந்தைய பட்டங்கள் குடும்ப வழியில் தொடர, சிலையோ ஒரு தனிமனிதரின் பணிக்காக நின்றது. தகுதியை அளக்கும் முறை என்ற அளவில் இது முன்னேற்றமே. கிழக்கேகோட்டையிலிருந்து செயலகத்துக்குச் செல்லும் நிதித்துறை ஊழியர்கள் இன்று இறங்கும் நிறுத்தத்துக்கு ‘ஸ்டேச்சு’ என்ற பெயர் வந்தது அச்சிலையால்தான்.