பச்சைக் குழந்தைக்குத் தைலம் தடவலாமா?

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயத்தில் மார்கழிப் பனி இறங்கினால் வீட்டுக்கு வீடு மூக்கடைப்புதான். "கொஞ்சம் விக்ஸ் தடவி விடும்மா, சரியாயிடும்" என்பார்கள் பாட்டிகள். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது.

இந்தத் தைலங்களில் இருப்பவை கற்பூரம், மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய். மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால், மூக்கு திறந்துகொண்டதுபோலத் தோன்றும். உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும். அமெரிக்காவில் மூக்குக்குக் கீழே தடவிய 18 மாதக் குழந்தைக்கு மூச்சுத்திணறலே வந்துவிட்டது. 2009-ல் மருத்துவர்கள் இதை எழுதினார்கள். சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் குறுகல், சளி கொஞ்சம் கூடினாலே அடைத்துக்கொள்ளும்.

தைலத்தைவிடப் பயம் தருவது, தேங்காய் எண்ணெயில் பூஜைக் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கிற பழக்கம். எவ்வளவு கற்பூரம் கலந்தோம் என்று யாருக்கும் கணக்கிருக்காது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். வில்லை வெள்ளையாக, மிட்டாய் மாதிரி இருப்பதால் சாமி மாடத்தில் எட்டாத உயரத்தில் வையுங்கள். வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள்.

2 வயதுக்கு மேல் என்றால் நெஞ்சு, முதுகு, கழுத்தில் மெல்லிசாகத் தடவலாம். மூக்குத் துவாரம், கண், புண் பக்கம் போகவே வேண்டாம். டப்பாவை அடுப்பில் காட்டி உருக்காதீர்கள், தெறிக்கும். கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால், டாக்டரைக் கேட்டு சலைன் சொட்டு விடலாம். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாப் பக்கம் குழி விழுந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.